பாதமலை ஏறிய பிள்ளைக்குத் தள்ளுவண்டி எதற்கு?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மகனுக்கு ஏழு வயதும் மூன்று மாதமும், தரம் 2. எடை 19 கிலோ, உயரம் 114 சென்டிமீட்டர். ஆகஸ்ட் விடுமுறையில் ஐந்து நாள் சிங்கப்பூர் போகிறோம். அங்கே வேலை செய்யும் கொழுந்தன் கூப்பிட்டிருக்கிறார். ஒரு நாள் முழுக்க யுனிவர்சல் ஸ்டூடியோஸ். “அண்ணி, பிள்ளைக்கு ஒரு ஸ்ட்ரோலர் வாங்கிட்டு வாங்க, இல்லாட்டி அவன் தாங்கமாட்டான்” என்கிறார். கணவரும் மாமியாரும் சிரிக்கிறார்கள். “போன சீசன்ல பாதமலை (சிவனொளிபாத மலை) ஏறுனவனுக்குத் தள்ளுவண்டியா?” என்கிறார்கள். யூடியூபில் பார்த்தால் அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகளைக்கூடத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். சில இராத்திரிகளில் இரண்டு காலும் வலிக்கிறது என்று மகன் அழுவதும் உண்டு. வண்டி வாங்கவா, வேண்டாமா? இந்த வயதில் உட்கார வைத்துப் பழக்கினால் சோம்பேறி ஆகிவிடுவானா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு என் முதுகுதான் ஞாபகம் வந்தது. மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது வெளிநாட்டில் இப்படியொரு பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் வாடகை வண்டிகள் வரிசையாக நின்றன. “ஆறு வயசுக்கு எதற்கு?” என்று பெருமையாகக் கடந்து போனேன். பின்னேரம் மூன்றரை மணிக்கு அவள் நடுப்பாதையில் குந்திவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் இருபது கிலோவை உப்புமூட்டையாகச் சுமந்தேன். ஊருக்கு வந்து பத்து நாள் குனிய முடியவில்லை. நாள் முழுக்க மற்றவர்களுக்கு “பாரம் தூக்காதீங்க” என்று சொல்லும் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சுவரைப் பிடித்துக்கொண்டு சப்பாத்து மாட்டிய கதை எங்கள் பிரிவில் இன்னமும் ஓடுகிறது. ஆகவே இந்த விஷயத்தில் நான் அவ்வளவு நடுநிலையானவள் இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து வண்டி வாங்கிக்கொண்டு போக வேண்டாம். ஆனால் அங்கே மத்தியானத்துக்கு மேல் ஒன்றை வாடகைக்கு எடுக்க மனதாலும் காசாலும் தயாராக இருங்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், வீட்டில் பேசும்போது உதவும்.

கணவர் சொல்வதில் பாதி சரி. நல்லதண்ணிப் பக்கமிருந்து ஏறினால் ஐயாயிரத்துக்கு மேல் படி. அதை ஏறிய பிள்ளையின் தசைக்கும் மூச்சுக்கும் ஒரு குறையும் இல்லை. பாடசாலைக்குத் தேயிலை மலையில் குறுக்குப் பாதையால் ஏறி இறங்கும் நம் பிள்ளைகள், மாடிவீட்டுப் பிள்ளைகளைவிட நன்றாகவே நடப்பார்கள். லயத்துப் படிக்கட்டில் எந்தத் தள்ளுவண்டி ஏறும்? நம் பக்கம் பிள்ளை இடுப்பில் இருக்கும், இல்லாவிட்டால் தரையில் ஓடும். நடுவில் ஒரு வாகனம் கிடையாது. தள்ளுவண்டி என்றாலே நமக்குக் கடலை வண்டிதானே ஞாபகம் வருகிறது!

ஆனால் அந்த மலையை அவன் எப்படி ஏறினான் என்று யோசித்துப் பாருங்கள். இராத்திரிக் குளிரில் ஏறினான். களைத்தபோதெல்லாம் படியில் உட்கார்ந்தான், தேநீர்க் கடை கண்ட இடத்தில் நின்றான், சூடாக ஏதாவது குடித்தான். அவசரப்படுத்த யாருமில்லை. அதோடு, கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “இறங்கும்போது பாதியில் அவங்க அப்பா தோளில் தூக்கிக்கொண்டார்.” பாதமலையிலும் ஒரு வண்டி இருந்திருக்கிறது டீச்சர். அதன் பெயர் அப்பா.

கேளிக்கைப் பூங்காவில் பிள்ளையைச் சாய்ப்பது நடை மட்டும் இல்லை. நிற்பதும் வெயிலும்தான் பெரிய காரணம்.

நடக்கும்போது கெண்டைத் தசை ஒவ்வொரு எட்டுக்கும் சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது. அசையாமல் நிற்கும்போது அந்தப் பம்பு வேலை செய்வதில்லை. இரத்தம் காலில் தேங்கும், பாதம் கனக்கும், தலை லேசாகும். காலைக் கூட்டத்தில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளில் ஒன்று மயங்கி விழுவதை நீங்களே எத்தனை தரம் பார்த்திருப்பீர்கள். மைதானத்தில் இரண்டு மணி நேரம் ஓடினாலும் விழாத பிள்ளைதான் அது. பூங்காவிலோ ஒரு ராட்டினத்துக்கு முக்கால் மணி நேரம் வரிசை, ஐந்து நிமிட ஆட்டம், கொஞ்சம் நடை, திரும்ப வரிசை. விடுமுறை நாளில் இது இன்னும் கூடும்.

நடையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் இரண்டு எட்டு வைக்கும் தூரத்துக்கு அவன் மூன்று வைக்க வேண்டும். உங்கள் கைப்பேசி இரவில் பன்னிரண்டாயிரம் எட்டுகள் என்று காட்டினால், அவன் பதினெட்டாயிரம் வைத்திருப்பான்.

இப்போது வெயில். பொகவந்தலாவையில் காலையில் சுவெட்டர் போட்டுப் பாடசாலைக்குப் போகிற பிள்ளை. சிங்கப்பூரில் பகலில் 31, 32 பாகை. அதைவிட முக்கியம் காற்றிலுள்ள ஈரம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். அங்கே வியர்வை ஆவியாகாமல் முதுகில் ஒழுகும். வெப்பத்துக்கு உடம்பு பழக ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமை வேண்டும். நீங்கள் இருக்கப் போவது ஐந்து நாள். கொழுந்தனார் “தாங்கமாட்டான்” என்று சொன்னது பிள்ளையின் காலைப் பற்றி இருக்காது, இந்தப் புழுக்கத்தைப் பற்றித்தான் இருக்கும். அவரும் முதல் மாதம் தவித்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

மணிக்கூட்டையும் மறக்காதீர்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை எட்டு மணிக்கு அவனைக் கிளப்பினால் அவன் உடம்புக்கு அது ஐந்தரை. கொழும்பிலிருந்து அங்கே போக ஏறக்குறைய நாலு மணி நேரம், பல விமானங்கள் நடுச்சாமத்தை ஒட்டித்தான் கிளம்பும். அதற்கு முன்னால் ஹட்டன் பக்கமிருந்து கட்டுநாயக்காவுக்கு வேனில் வளைந்து வளைந்து இறங்கிய அரை நாள் வேறு. போய் இறங்கும் அன்று பூங்கா வேண்டவே வேண்டாம். மூன்றாம் நாள் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பற்றி எடுக்கும் எந்த முடிவைவிடவும் இது அதிகம் உதவும்.

சரி, அமெரிக்கக் காணொளிகளுக்கு வருவோம். நீங்கள் பார்த்தவை புளோரிடாவிலுள்ள வோல்ட் டிஸ்னி வேர்ல்டாகத்தான் இருக்கும். அங்கே நான்கு பெரிய பூங்காக்கள், இவை தவிர நீர்ப்பூங்காக்கள். எப்கொட் என்கிற ஒரே பூங்காவில் ஏரியைச் சுற்றி வரும் பாதை மட்டும் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். குடும்பங்கள் நாலைந்து நாள் தொடர்ந்து, காலையிலிருந்து இரவு வாணவேடிக்கை முடியும் வரை சுற்றுவார்கள். அந்தக் கணக்குக்கு எட்டு வயதுப் பிள்ளையும் வண்டியில் தூங்குவது புத்திசாலித்தனம்தான். வண்டிகள் அங்கே அவ்வளவு பெருகிவிட்டதால் அளவுக்கே சட்டம் போட்டார்கள்: 2019 மே முதல் 79 சென்டிமீட்டருக்கு மேல் அகலமானதும் 132 சென்டிமீட்டருக்கு மேல் நீளமானதும் உள்ளே போகக் கூடாது, இழுத்துப் போகிற வாகன் வண்டிகளுக்கும் தடை.

செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் அப்படிப்பட்டதல்ல. மொத்தமே ஏறக்குறைய 49 ஏக்கர். பேராதனைப் பூந்தோட்டம் 147 ஏக்கர் என்று சொன்னால் உங்களுக்கு உடனே பிடிபடும். மூன்றில் ஒரு பங்கு! நடுவில் ஒரு நீர்நிலை, அதைச் சுற்றி வட்டமாகப் பகுதிகள். எந்த மூலையிலிருந்தும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடலாம். அந்த வாசல் பக்கம்தான் வண்டி வாடகைக்கு எடுக்கும் இடமும். அதனால்தான் காலையிலேயே எடுக்க வேண்டியதில்லை என்கிறேன். பிள்ளை களைத்தபின் திரும்பி வந்து எடுக்கலாம். புளோரிடாவில் இதைச் சொல்லமாட்டேன்.

வண்டி வரிசைக்குள் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் வெளியே நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். நான் சொன்ன அந்த நிற்கும் களைப்பை வண்டி நேரடியாகத் தீர்க்காது, இரண்டு வரிசைகளுக்கு நடுவே காலைத் தூக்கி வைத்து ஆற ஒரு இடம் தரும், அவ்வளவுதான். சில்லு வைத்த நாற்காலி ஒன்றைக் கூடவே தள்ளிக்கொண்டு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது ஊழியர்கள் அதை வேறு வரிசையில் அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாம் ஒரே நிறம், ஒரே மாதிரி. கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் ஒன்று கட்டிவிடுங்கள். கடவுச்சீட்டையும் காசையும் மட்டும் அதில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஏன் இங்கிருந்து வாங்கக் கூடாது? எடைதான் காரணம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் குடைபோல் மடிகிற வண்டிகள் பெரும்பாலும் 15 கிலோ வரையுள்ள பிள்ளைக்குச் செய்தவை. ஐரோப்பியத் தர விதியிலேயே இரண்டு வகுப்பு உண்டு: 15 கிலோ வரை ஒன்று, 22 கிலோ வரை இன்னொன்று. உங்கள் மகன் 19 கிலோ. சின்ன வண்டியில் அவனை வைத்துத் தள்ளினால் சில்லு பிய்யும், அல்லது மடிப்புப் பூட்டு நழுவி விரல் நசியும். 22 கிலோ தாங்குகிற நல்ல வண்டி விலை கூட, பாரமும் கூட. ஒரே ஒரு நாளுக்காக அதை வாங்கி, வேனில் ஏற்றி, விமானத்தில் ஏற்றி, திரும்பக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் போட்டு வைப்பதில் அர்த்தமில்லை. வாடகை வண்டியிலும் உட்காருமுன் எத்தனை கிலோ என்று கேளுங்கள். கைப்பிடியில் பைகளைத் தொங்கவிடாதீர்கள். பிள்ளை சட்டென்று இறங்கும்போது வண்டி பின்னால் மல்லாக்க விழும். எங்களிடம் வரும் சில சின்னக் காயங்களின் கதை இதுதான்.

உயரத்தை எழுதியது நல்லதாகப் போயிற்று. 114 சென்டிமீட்டர் பிள்ளையை டிரான்ஸ்போமர்ஸ் ஆட்டத்தில் விடுவார்கள், அதற்கு 102 போதும். மம்மி ஆட்டத்துக்கு 122, பாட்டில்ஸ்டார் கலக்டிகாவுக்கு 125 வேண்டும். இரண்டும் அவனுக்கு இல்லை. இதை ஊரிலேயே சொல்லிவிடுங்கள், வாசலில் அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னால் அழுகைதான். பெரியவர்களுக்கு ஏற ஆசை என்றால் ஊழியர்களிடம் சொன்னால் ஒருவர் ஏறும்போது மற்றவர் பிள்ளையோடு இருந்து, பிறகு திரும்ப வரிசையில் நிற்காமல் ஆளை மாற்றிக்கொள்ள விடுவார்கள். அந்த நேரத்தில் அவன் நிழலில் உட்கார்ந்து காலாற்றட்டும். உங்கள் கொழுந்தனார் மூன்று ஆட்டம் ஏறுவதற்குள் பிள்ளைக்கு ஒரு மணி நேர ஓய்வு கிடைத்துவிடும்!

அடுத்தது கால்வலி. வண்டியைவிட எனக்கு இதில்தான் அக்கறை. மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை நிறையப் பிள்ளைகளுக்கு மாலையிலோ இராத்திரியிலோ இரண்டு காலிலும், தொடையிலோ கெண்டையிலோ முழங்காலுக்குப் பின்னாலோ வலி வரும். அழுவார்கள், தடவிவிட்டால் தூங்கிப் போவார்கள், காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுவார்கள். வளர்ச்சி வலி என்பார்கள். அதிகம் ஓடியாடிய நாளின் இராத்திரியில் இது வருவது வழக்கம். பூங்கா முடிந்த இரவும் வரலாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, கெண்டையை மெதுவாக நீவிவிடுங்கள். பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு காலில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வலித்தாலோ, காலையில் எழும்பும்போது நொண்டினாலோ, மூட்டு வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்து வந்தாலோ பயணத்துக்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள். தரையிலிருந்து எழும்பும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றி ஊன்றி ஏறுகிறானா என்றும் ஒரு நாள் கவனியுங்கள். அதுவும் காட்ட வேண்டிய அறிகுறி. முன்பு நன்றாக நடந்த பிள்ளை கொஞ்ச நாளாகத் “தூக்குங்க” என்று கேட்கத் தொடங்கினால் சோம்பல் என்று ஏசிவிடாதீர்கள், காரணம் தேடுங்கள். இரத்தச்சோகையும் இப்படித்தான் தொடங்கும். நம் வீடுகளில் சோற்றோடு பிள்ளைக்கும் ஒரு கோப்பை சாயத்தண்ணி (பால் விடாத தேநீர்) கொடுக்கிற பழக்கம் இருக்கிறது. சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்க அந்தச் சாயம் விடாது. நாம் பறித்த கொழுந்துதான், குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள்.

சோம்பேறி ஆவானா என்று கேட்டீர்கள். வருடம் முழுக்க மலையேறுகிற பிள்ளை ஒரு பின்னேரம் உட்கார்ந்தால் ஆகமாட்டான். நாள்தோறும் கடைக்கும் பாடசாலைக்கும் வண்டியில் போகிற பிள்ளையென்றால் நானே வேண்டாம் என்றிருப்பேன். மூச்சிழுப்பு, மூட்டுத் தளர்ச்சி, இருதயக் கோளாறு இருக்கிற பிள்ளைகளுக்கும், சத்தமும் கூட்டமும் தாங்காத ஓட்டிசம் பிள்ளைகளுக்கும் வயதைப் பார்க்கவே கூடாது. பத்து வயதானாலும் அது அவர்களுக்குத் தேவையான இருக்கை. பக்கத்தில் நின்று சிரிப்பவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை.

போவதற்கு முன்னால் ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள், நீங்களும் டீச்சர்தானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போங்கள். உங்கள் ஊரைவிட நன்றாகச் சுடும், தரையும் அனேகமாகச் சமதரை. காலை ஒன்பதிலிருந்து நடங்கள்: பனைமர வரிசை, தொங்கு பாலம், வௌவால் தொங்கும் மரங்கள். நடுநடுவே மூன்று தரம், ஒவ்வொரு தரமும் அரை மணி நேரம், ஒரே இடத்தில் நின்றபடி ஏதாவது கதை சொல்லுங்கள். அதுதான் வரிசை. பாய் விரித்து மத்தியானம் முழுக்கப் படுக்க விடாதீர்கள், பரீட்சை கெட்டுவிடும். மூன்று மணிக்கு அவன் எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். “கால் வலிக்குது” என்று சொல்கிற பிள்ளையைப் பற்றிக் கவலையில்லை, கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகும். சொல்லாமல் சிடுசிடுக்கிற, ஐஸ்கிரீமைக் கூட வேண்டாம் என்று தள்ளுகிற பிள்ளைக்குத்தான் உண்மையான களைப்பு. உங்கள் மகன் இரண்டாவது ரகம் என்றால், சிங்கப்பூரில் சாப்பாட்டு நேரம் முடிந்த கையோடு வண்டி எடுத்துவிடுங்கள், அவன் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். முதலாவது ரகமென்றால் குளிரூட்டிய அரங்கில் நடக்கிற காட்சி ஒன்றுக்கு மத்தியானத்தில் கூட்டிப் போய் உட்கார வையுங்கள், அனேகமாக வண்டியே தேவைப்படாது. எப்படியிருந்தாலும் கால் மணிக்கொரு தரம் இரண்டு மடக்குத் தண்ணீர், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு மானம் உண்டு. “வா, வண்டியில ஏறு” என்றால் ஏறமாட்டான், அதுவும் மாமியாரின் சிரிப்பை ஒரு தரம் கேட்டிருந்தால். எனக்கு என் மகளிடம் அடுத்த பயணத்தில் பலித்த வழியைச் சொல்கிறேன். வண்டியைப் பைக்கென்று எடுத்தோம். தண்ணீர்ப் போத்தல், துவாய், மழைச்சட்டை எல்லாம் இருக்கையில். அவள்தான் தள்ளினாள், அவள்தான் சாரதி. நாலு மணிக்குப் போல் பைகளை ஒன்றொன்றாக எடுத்து என் கையில் தந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று. பயணத்துக்கென்று வாங்குகிற புதுச் சப்பாத்தை மூன்று கிழமைக்கு முன்னாலேயே வாங்கி, தோட்டப் பாதையில் போட்டு நடக்க விடுங்கள். விமானம் ஏறும் அன்றுதான் பெட்டியைத் திறப்பது என்று உங்கள் வீட்டிலும் ஒருவர் பிடிவாதமாக நிற்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.